முப்பத்தாறு வயதில் ஆப்பிள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகுமா?

கேள்வி: சொந்த ஊர் மதுரை, வயது 36. கணவரின் வேலைக்காக ஏழு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தோம். ஊரில் இருந்தவரை எனக்கு எந்த அலர்ஜியும் கிடையாது. இப்போது இரண்டு வருடமாக ஆப்பிளைக் கடித்த உடனே உதடு, நாக்கு, தொண்டை எல்லாம் அரிக்கிறது, காதுக்குள்ளேயும் குறுகுறுவென்று இருக்கிறது. அரை மணி நேரத்தில் தானாக அடங்கிவிடுகிறது. பீச் பழம், பச்சை கேரட், ஊறவைத்த பாதாம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் ஆப்பிள் கேக் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. பூச்சிமருந்தாக இருக்குமோ என்று ஆர்கானிக் பழத்துக்கு மாறியும் பலனில்லை. அம்மா உடம்புச் சூடு என்கிறார், கணவர் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடச் சொல்கிறார். இனி பழமே சாப்பிடக் கூடாதா? ஐந்து வயது மகளுக்கும் இது வருமா?

பதில்: நான் முதலில் உங்களிடம் கேட்க வேண்டியது பழத்தைப் பற்றி இல்லை. மார்ச் கடைசியில் ஆரம்பித்து மே வரைக்கும் உங்களுக்குத் தும்மல், மூக்கில் தண்ணீராகக் கொட்டுவது, கண் அரிப்பு இதெல்லாம் வருகிறதா? நீங்கள் எழுதவில்லை. குளிர் விட்டதும் வருகிற ஜலதோஷம் என்று நினைத்து விட்டிருக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் விடுகிறார்கள். யோசித்துப் பார்த்து ஆமாம் என்றால், உங்கள் பிரச்சினை ஆப்பிளில் ஆரம்பிக்கவில்லை, உங்கள் தெருவில் நிற்கிற மரத்தில் ஆரம்பித்திருக்கிறது.

வெள்ளைப் பட்டையோடு பூங்காவிலும் சாலையோரத்திலும் நிற்குமே, அந்த பிர்ச் மரம். வசந்த காலத்தில் அது காற்றில் கொட்டுகிற மகரந்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது, ஆய்வாளர்கள் அதை பெட் வி 1 என்பார்கள். ஆப்பிளிலும் ஏறக்குறைய அதே வடிவத்தில் ஒரு புரதம் உண்டு, பெயர் மால் டி 1. இரண்டும் பாதிக்கு மேல் ஒத்துப்போகும். உங்கள் உடம்பு பல வருடம் பிர்ச் மகரந்தத்தைச் சுவாசித்து, அதை எதிரி என்று முடிவு கட்டி, அதற்கென்று ஐஜிஈ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்திருக்கிறது. ஆப்பிளைக் கடிக்கும்போது அந்த எதிர்ப்புப் பொருள் ஆள் மாறாட்டத்தில் ஆப்பிளையும் பிடித்துக்கொள்கிறது. பீச், செர்ரி, பேரிக்காய், பிளம், கிவி, பாதாம், ஹேசல்நட், கேரட், செலரி, சோயா எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்துப் புரதம் இருக்கிறது. உங்கள் பட்டியல் கன்னாபின்னாவென்று நீளவில்லை, ஒரே குடும்பத்துக்குள்தான் நீள்கிறது. பச்சை உருளைக்கிழங்கைத் தோல் சீவும்போது கை அரித்து தும்மல் வந்தால் அதுவும் இதன் வேலைதான்.

பிர்ச் மகரந்த அலர்ஜி உள்ளவர்களில் பாதியிலிருந்து எழுபது சதவீதம் பேர் வரைக்கும் ஏதாவது ஒரு பழத்திலோ காயிலோ இந்த வாய் அரிப்பை அனுபவிக்கிறார்கள், அதனால் இது அபூர்வமான நோய் எதுவும் இல்லை. ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவர்களிடமே சர்வசாதாரணம். இந்த மரமே இல்லாத வெப்ப நாட்டில் பிறந்து, பெரியவரான பிறகு அங்கே போய்க் குடியேறுகிறவர்களுக்கு முதல் சில வசந்தங்கள் ஒன்றும் தெரியாமல் கழியும், அப்புறம் மூக்கு ஆரம்பிக்கும், அதன்பின் வாய். சிலருக்கு மூக்குத் தொந்தரவு பெரிதாகத் தெரியாமலேகூட வாய் அரிப்பு வந்துவிடுகிறது. “சின்ன வயதிலிருந்து சாப்பிட்ட பழம் இப்போது எப்படி?” என்று எல்லோரும் குழம்புவது இதனால்தான். பழம் மாறவில்லை, உடம்பு வேறொரு பொருளுக்குப் பழகிய பழக்கம் பழத்தின் மேல் விடிகிறது.

அம்மா சொல்கிற சூடு இதில் இல்லை. ஆர்கானிக் ஏன் உதவவில்லை என்றால், இந்தப் புரதம் வெளியிலிருந்து தெளிக்கிற மருந்து இல்லை, செடி தன்னைப் பூஞ்சையிலிருந்தும் மற்ற தாக்குதலிலிருந்தும் காப்பாற்றிக்கொள்ளத் தானே உண்டாக்குவது. எந்த ஆப்பிளிலும் இருக்கும்.

சரி, ஆப்பிள் கேக் விஷயத்துக்கு வருவோம். இந்தப் புரதம் ரொம்ப மென்மையானது. அடுப்புச் சூடு பட்டால் வடிவம் குலைந்துபோகும், உங்கள் எதிர்ப்புப் பொருளால் அடையாளம் காண முடியாது. வயிற்று அமிலத்திலும் சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால்தான் தொந்தரவு வாயிலும் தொண்டையிலுமே நின்று அரை மணி நேரத்தில் அடங்குகிறது. சமைத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி நோயைக் கண்டுபிடிக்கிறவருக்கு மிக முக்கியமான தகவல், டாக்டரிடம் போனால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பழமே கூடாதா என்றால், இல்லவே இல்லை. இப்படிப் பயந்து ஒவ்வொன்றாக ஒதுக்கி, கடைசியில் சோறும் தயிரும் மட்டும் மிச்சம் என்ற நிலைக்கு ஆட்கள் போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். உங்களுக்குத் தொந்தரவு கொடுத்ததை மட்டும் பச்சையாகத் தவிர்த்தால் போதும், தொந்தரவு கொடுக்காத பழத்தைப் பட்டியலில் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கேரட்டை சாம்பாரிலோ பொரியலிலோ நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், ஆப்பிளைத் துண்டு போட்டு ஆவியில் வேகவைக்கலாம், அவசரத்துக்கு மைக்ரோவேவில் உள்வரைக்கும் சூடேறி மெத்தென்று ஆகும்படி வைத்து ஆறவைத்தாலும் சரி. கடையில் விற்கிற, சூடுபடுத்திப் பதப்படுத்திய ஜூஸ் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், வீட்டில் அப்போதே பிழிந்தது ஒத்துக்கொள்ளாது. ஃபிரீசரில் வைப்பது எந்த வகையிலும் உதவாது. தோலில் இந்தப் புரதம் கூடுதலாக இருப்பதால் சீவிவிட்டுச் சாப்பிட்டால் சிலருக்குக் குறையும், முழுக்கப் போய்விடும் என்று நம்ப வேண்டாம். ரகத்துக்கு ரகம் வித்தியாசமும் நிறைய. கோல்டன் டெலிஷஸ், கிரானி ஸ்மித் மாதிரியானவை தொந்தரவு அதிகம் கொடுப்பவை, நெதர்லாந்தில் உருவான சான்டானா ரகம் பலருக்குக் குறைவாகவே அரிக்கும். மாதக்கணக்கில் கிடங்கில் இருந்த ஆப்பிளில் இந்தப் புரதம் கூடிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மகரந்தக் காலத்தில் எல்லாமே கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அக்டோபரில் ஒத்துக்கொண்ட ஆப்பிள் ஏப்ரலில் அரித்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஜெர்மன் வானிலைத் துறை எட்டு வகை மகரந்தத்துக்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது, பிர்ச் என்றைக்கு அதிகம் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று, ஏற்கெனவே தோலில் எக்சிமா (தோல் வறண்டு, சிவந்து அரிக்கிற நோய்) இருப்பவர்களில் சிலருக்கு, சமைத்த ஆப்பிளோ கேரட்டோ வாயை அரிக்காவிட்டாலும் ஓரிரு நாளில் தோல் தடிப்பைக் கூட்டலாம். உங்களுக்கு எக்சிமா இருந்தால் கவனித்துப் பாருங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, ஏனென்றால் “வாய் அரிப்புதானே” என்று அலட்சியமாக இருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சோயா பால், சோயா புரதப் பவுடர். இதில் இருக்கும் சோயாப் புரதமும் பிர்ச்சின் சொந்தக்காரன்தான், ஆனால் ஒரு கடி ஆப்பிளுக்கும் ஒரு டம்ளர் சோயா பாலுக்கும் அளவில் பெரிய வித்தியாசம் உண்டு. வாய் எச்சரிக்கை கொடுப்பதற்குள் மொத்தமும் உள்ளே போயிருக்கும். ஜெர்மனியிலேயே பிர்ச் அலர்ஜிக்காரர்கள் இப்படிப்பட்ட பானத்தை முதல்முறை குடித்த உடனே முகம் வீங்கி, மூச்சு திணறிப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உடற்பயிற்சி செய்துவிட்டுக் குடிப்பது இன்னும் ஆபத்து. நன்றாகப் புளிக்கவைத்த சோயா சாஸில் இந்த வேகம் இருக்காது.

செலரி இன்னொன்று, முக்கியமாக அதன் கிழங்கு. வெந்தாலும் சிலருக்கு விடாது. ஐரோப்பாவில் பாக்கெட் உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் செலரியும் ஒன்று, அதனால் சூப் பவுடர், மசாலாக் கலவை வாங்கும்போது பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். ஆகஸ்ட் வாக்கில் தும்மல் வருகிற ஆளாக இருந்தால் மாசிபத்திரி மகரந்தமும் (நம் மரிக்கொழுந்தின் உறவுக்காரச் செடி) கூட்டுச் சேர்ந்திருக்கலாம். அப்படி இருந்தால் செலரியோடு கேரட், கொத்தமல்லி, சோம்பு, சீரகம் ஆகியவற்றிலும் ஒரு கண் வையுங்கள். இவை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம்.

ஊருக்கு வரும்போது பலாச்சுளை. இது பலருக்கும் தெரியாத விஷயம்: பிர்ச் அலர்ஜி உள்ளவர்களுக்கு பலாப்பழமும் ஒத்துக்கொள்ளாமல் போவதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2004 வாக்கிலேயே பதிவு செய்திருக்கிறார்கள், சுளையில் உள்ள புரதமும் அதே குடும்பம். முளைகட்டிய பச்சைப் பயறுக்கும் இதே கதை, வேகவைத்தே சாப்பிடுங்கள்.

கொட்டை வகைகளில் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். ஊறவைத்த பாதாமில் வாய் மட்டும் அரித்தால் இது பெரும்பாலும் பிர்ச் சங்கதிதான், ஆனால் பாதாம், ஹேசல்நட், வேர்க்கடலை இவற்றிலெல்லாம் சூட்டுக்கு அசையாத வேறு புரதங்களும் உண்டு, அவற்றுக்கு அலர்ஜி என்றால் உயிருக்கே ஆபத்து வரலாம். பீச் விஷயத்திலும் அப்படித்தான். இத்தாலி, ஸ்பெயின் பக்கம் பீச் தோலில் இருக்கும் எல்டிபி என்ற வேறொரு புரதத்துக்கு அலர்ஜி அதிகம், அது சமைத்தாலும் சாகாது, வயிற்று அமிலத்திலும் சாகாது. எது உங்களுக்கு என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

பரிசோதனை என்றதும் ஆன்லைனில் விற்கிற, இருநூறு முந்நூறு உணவுக்கு ஐஜிஜி (மேலே சொன்ன ஐஜிஈ இல்லை, வேறொரு வகை எதிர்ப்புப் பொருள்) பார்த்துத் தருகிறோம் என்கிற கிட்டை வாங்கிவிடாதீர்கள். ஒரு உணவை நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்பதற்குத்தான் ஐஜிஜி அடையாளம், அலர்ஜிக்கு இல்லை. அலர்ஜிப் பயிற்சி பெற்ற டாக்டரிடம் போங்கள், ஜெர்மனியில் அவர்கள் பெரும்பாலும் தோல் டாக்டராகவோ காது மூக்கு தொண்டை டாக்டராகவோ நுரையீரல் டாக்டராகவோ இருப்பார்கள். தோலில் குத்திப் பார்க்கிற பரிசோதனைக்குப் பாட்டிலில் வருகிற ஆப்பிள் சாற்றில் இந்த மென்மையான புரதம் கெட்டுப்போயிருக்கும், அதனால் நீங்களே ஆப்பிள், கேரட்டைக் கொண்டுபோய் “இதில் குத்திய ஊசியாலேயே தோலில் குத்திப் பார்ப்பீர்களா?” என்று முன்கூட்டியே கேளுங்கள். ரத்தப் பரிசோதனையில் பெட் வி 1, பாதாம் பீச்சுக்காக எல்டிபி, சோயாவுக்கான ஜிஎல்ஒய் எம் 4 என்று தனித்தனிப் புரதமாகப் பார்க்க முடியும். தோல் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே செட்டிரிசினை நிறுத்த வேண்டியிருக்கும், எத்தனை நாள் என்று அவர்களே சொல்வார்கள்.

செட்டிரிசின் பற்றி உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். தும்மலுக்கும் தப்பித்தவறிச் சாப்பிட்டுவிட்டு வந்த அரிப்புக்கும் அது நல்ல மாத்திரை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு தெரிந்தே சாப்பிடுவது தப்பு, ஏனென்றால் நாக்கு கொடுக்கிற முதல் எச்சரிக்கையை அது மறைத்துவிடும், நீங்கள் இன்னும் நிறையச் சாப்பிடுவீர்கள், பெரிய ரியாக்‌ஷன் வந்தால் தடுக்கும் சக்தியும் அதற்குக் கிடையாது. வெறும் வயிறு, மது, ஓட்டம், இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை, அசிடிட்டிக்காகத் தொடர்ந்து போடுகிற மாத்திரை, இவை கூடச் சேர்ந்தால் சின்ன அரிப்பு பெரிதாக வாய்ப்பு உண்டு.

வாய் அரிப்போடு நிற்காமல் உடம்பு முழுக்கத் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, குரல் கட்டுவது, விழுங்க முடியாமல் போவது, மூச்சு வாங்குவது, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் பொறுத்துப் பார்க்காமல் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். தலைசுற்றினால் படுத்துக் காலை உயர்த்திக்கொள்ளுங்கள், மூச்சுத் திணறினால் உட்கார்ந்துகொள்ளுங்கள், எழுந்து நடக்க வேண்டாம். இந்த வகை அலர்ஜியில் இப்படிப் பெரிதாவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நடப்பதுதான். ஆனால் ஒருமுறை அப்படி வந்துவிட்டால் அட்ரினலின் ஊசிப் பேனா கையில் இருக்க வேண்டும், அதை டாக்டரிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

பிர்ச்சுக்கு மூன்று வருடம் எடுக்கிற தடுப்பூசி மாதிரியான சிகிச்சை ஒன்று உண்டு. உங்கள் மூக்கும் கண்ணும் வசந்தம் முழுக்கப் படுத்துகிறது என்றால் தாராளமாக எடுக்கலாம். ஆப்பிளுக்காக மட்டும் எடுக்க நான் சொல்ல மாட்டேன், மூக்குக்குக் கிடைக்கிற பலன் வாய்க்கு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆப்பிளைச் சாப்பிட்டுப் பழக்குகிற முறையும் ஆய்வுகளில் பலன் கொடுத்திருக்கிறது, ஆனால் நிறுத்தினால் பலன் போய்விடும், டாக்டர் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் முயல வேண்டாம்.

மகளைப் பற்றி. அலர்ஜி வருகிற உடல்வாகு பரம்பரையாக வரலாம், அதோடு அவள் அங்கேயே வளர்கிறாள், அதனால் வாய்ப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது ஆப்பிளும் கேரட்டும் பாதாமும் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாள் என்றால், உங்களுக்கு அரிக்கிறது என்பதற்காக அவள் தட்டிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள், அவள் பாட்டுக்குச் சாப்பிடட்டும். வசந்தத்தில் கண்ணைத் தேய்க்கிறாளா, பழத்தைத் துப்பிவிட்டு “குத்துது”, “காரமா இருக்கு” என்கிறாளா என்று மட்டும் பாருங்கள். குழந்தைகளுக்கு அரிப்பை அரிப்பு என்று சொல்லத் தெரியாது, அப்படிச் சொன்னால் அடம் என்று எண்ணாமல் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.