யாரிடம் முதலில் சொல்வது?

அன்புள்ள அக்கா,

சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய கார் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து ஒரு கிளப் நடத்துகிறோம். அப்பா விட்டுச்சென்ற வண்டியால் நானும் அதில் சேர்ந்தேன். ஞாயிறு காலையில் கூடுவோம். கார்புரேட்டரில் தொடங்கும் பேச்சு யார் மகனுக்கு எங்கே சீட் கிடைத்தது, யார் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று போகும். நான் கர்ப்பமாக இருக்கிறேன், இப்போது ஒன்பதாவது வாரம். போன ஞாயிறு அவர்களிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "பெரியம்மாவுக்கே இன்னும் சொல்லல, அதுக்குள்ள கார்க்காரங்களுக்குச் சொல்லியாச்சா?" என்கிறார். நான் செய்தது தப்பா? வண்டியில் சீட் பெல்ட்கூட கிடையாது, ஓட்டாதே என்றும் சண்டை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புத் தங்கைக்கு,

மனமார்ந்த வாழ்த்துகள். நீங்கள் செய்ததில் தப்பில்லை.

ஹெரால்டு 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான வண்டி. அந்தக் கம்பெனி மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. ஒரு சின்ன பாகம் வேண்டுமென்றாலும் இன்னொரு ஹெரால்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். என் சித்தப்பாவிடம் ஒன்று இருந்தது. மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதையும் தூக்கி முன்னால் சாய்த்துவிட்டு, டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். சுற்றி நாலு பேர் நிற்பார்கள். வீட்டுக்குள் அவர் வாயிலிருந்து வராத விஷயமெல்லாம் அங்கே வரும். கை வேலையில் இருக்கும்போது பேசுவது சிலருக்கு எளிது. உங்களுக்கும் அப்படித்தான் பேச்சு வந்திருக்கிறது.

அம்மாவின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்துக்கு மேல் கலைந்துவிடுகின்றன, பெரும்பாலும் முதல் 12 வாரங்களுக்குள். அப்படி ஏதாவது ஆகிவிட்டால் ஒவ்வொருவருக்கும் மகள் பதில் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாதே என்பதுதான் அவர் கவலை. ஆனால் அந்த மௌனத்தின் இன்னொரு பக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் கரு கலைந்து, இரண்டாம் நாளே ஆபீஸில் வந்து உட்கார்ந்த பெண்கள் உண்டு. கருச்சிதைவுக்கு 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தரச் சட்டமே இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டுமே என்று அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆறாத வருத்தம் அது. நல்லது நடந்தாலும் இல்லாவிட்டாலும் பக்கத்தில் வந்து நிற்கக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

உங்கள் நண்பர்களுக்குத் தெரிய வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹெரால்டின் கியர்பாக்ஸ் மூடி வண்டிக்குள்ளிருந்தே கழற்றும்படி அமைந்தது. அது சரியாகப் படியாவிட்டால் இன்ஜின் பக்கத்துப் புகை உள்ளே வரும். சைலன்சர் குழாயில் ஓட்டையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும், அதன் ரத்தத்தைவிட்டு லேசில் விலகாது. பழைய பெயின்ட்டைத் தேய்த்தால் பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். அதுவும் குழந்தை வரை போகும். ஆகவே தேய்ப்பது, தின்னர் போட்டுத் துடைப்பது, மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடுவது எதற்கும் இப்போது நீங்கள் கிட்டே போக வேண்டாம். விஷயம் தெரிந்தவர்கள் தாங்களே அந்த வேலையை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள்.

சீட் பெல்ட் விஷயத்தில் நான் அம்மா கட்சி. பிரசவம் ஆகும்வரை ஹெரால்டு ஷெட்டிலேயே இருக்கட்டும். வேறு காரில் போகும்போது பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு ஒட்டி இருக்க வேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் ஓரமாக இறங்க வேண்டும். வயிற்றின் மேல் எதுவும் குறுக்கே போகக் கூடாது.

பெரியம்மாவுக்கு இன்றைக்கே போன் செய்துவிடுங்கள், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அடுத்த ஞாயிறு அம்மாவையும் கிளப்புக்கு அழைத்துப் போங்கள். அப்பா ஓட்டிய நாளில் அந்த வண்டி எங்கெங்கே நின்றது, யார் தள்ளினார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். உங்கள் நண்பர்கள் ஆசையாகக் கேட்பார்கள். வளைகாப்புக்கு அவர்களை எப்படியும் கூப்பிடத்தானே போகிறீர்கள்? அதற்குள் அம்மாவுக்கு அவர்கள் பழக்கமாகியிருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா