சலேஞ்சர் தொடர்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ரொறன்ரோவில் ஒரு பனியரங்கில் பதினொரு வருடங்கள் இரவு வேலை பார்த்து, ஐஸ் தளத்தைச் சீர்செய்யும் வண்டியை ஓட்டியவன் என்பதே இவ்விடயத்தில் எனக்குள்ள தகுதி. உப்புவெளிக்குத் திரும்பி வந்த பின்னரும், செப்டெம்பர் பிறந்துவிட்டால், ஐஸ் தளத்தில் இசைக்குச் சறுக்கி ஆடித் தாவும் பிகர் ஸ்கேட்டிங் விளையாட்டின் சலேஞ்சர் தொடரைக் கைப்பேசியில் பார்க்கும் பழக்கம் என்னை விடவில்லை. கேள்விகள் வந்த ஒழுங்கிலேயே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை: ஒரு போட்டியில் கிடைத்த புள்ளியை வேறொரு போட்டியில் கிடைத்த புள்ளிக்குப் பக்கத்தில் வைத்து அளக்காதீர்கள்.

நிலாவெளி வாசகர்: சலேஞ்சர் தொடர் என்பது என்ன? பெரிய போட்டிகளில் இடம் கிடைக்காதவர்களுக்கான இரண்டாந்தரப் போட்டியா?

சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் 2014–15 பருவத்தில் தொடங்கிய தொடர் இது. ஆயினும் இதற்குள் அடங்கும் போட்டிகளிற் சில அதைவிட மிகப் பழையவை. சாக்ரெப் நகரின் 'கோல்டன் ஸ்பின்' 1967 முதலும், ஜேர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃப் என்னும் மலையூரில் நடக்கும் 'நெபல்ஹோர்ன்' கிண்ணம் 1969 முதலும் நடந்து வருபவை. தனித்தனியாக நடந்துகொண்டிருந்த இத்தகைய போட்டிகளை ஒன்றியம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, உலகத் தரவரிசைக்கான புள்ளிகளையும் அவற்றுக்கு வழங்கியது.

இதற்கு மேலே இருப்பது கிராண்ட் பிறீ. அதில் ஆறு போட்டிகளும் ஓர் இறுதிப் போட்டியும் உண்டு. அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே போகலாம். ஆண்கள், பெண்கள் ஒற்றையர் பிரிவுகளில் ஒரு போட்டிக்குப் பன்னிரண்டு பேர் தான். சலேஞ்சருக்கு அழைப்பு வேண்டியதில்லை. அந்தந்த நாட்டுச் சம்மேளனம் பெயர் கொடுக்க வேண்டும், செலவையும் அதுவோ வீரரோ பார்த்துக்கொள்ள வேண்டும். இறுதிப் போட்டி என்று ஒன்று இல்லை. சலேஞ்சரில் முதலிடம் பெறுபவருக்குத் தரவரிசையில் 300 புள்ளிகள். கிராண்ட் பிறீயில் அது 400, உலக சம்பியனுக்கு 1200. ஆகவே படிநிலையில் அது இரண்டாவது தான், மறுக்கவில்லை.

ஆனால் அங்கே வருபவர்கள் இரண்டாந்தரமானவர்கள் அல்லர். கிராண்ட் பிறீ ஒக்டோபரில் தொடங்குவதற்கு முன்பே சலேஞ்சரின் பல போட்டிகள் நடந்துவிடுவதால், புதிய இசையையும் புதிய தாவலையும் முதலில் நடுவர்களுக்குக் காட்டிப் பார்க்க ஒலிம்பிக் சம்பியன்களே அங்கு வருகிறார்கள். பெரிய சபையிற் பாடுவதற்கு முன், புதிய உருப்படியை ஊர்க் கோயில் திருவிழாவிற் பாடிப் பார்க்கும் வித்துவானை நாம் இரண்டாந்தர வித்துவான் என்று சொல்வதில்லை.

கிண்ணியா வாசகர்: அப்படியானால் பெயர் சொல்லக்கூடிய சாதனை எதுவும் சலேஞ்சரில் நடந்திருக்கிறதா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், தம்பி.

2016 இல் மொன்றியலில் நடந்த 'ஓட்டம் கிளாசிக்' (Autumn Classic) போட்டியில் ஜப்பானின் யுசுரு ஹன்யூ நான்கு சுழற்சி 'லூப்' தாவலை இறக்கினார். அங்கீகரிக்கப்பட்ட போட்டியொன்றில் அத்தாவல் சரியாக நிறைவேறியது அதுவே முதற்றடவை. ஒவ்வொரு வீரரும் முதலிற் குறுநிகழ்ச்சியும் பிறகு நெடுநிகழ்ச்சியும் ஆட வேண்டும். மறுவருடம் அதே போட்டியில் குறுநிகழ்ச்சிக்கு 112.72 புள்ளிகள் பெற்று உலக சாதனை வைத்தார். ஆனால் நெடுநிகழ்ச்சியிற் சறுக்கி, முதலிடத்தை ஸ்பெயினின் ஹவியர் ஃபெர்னாண்டஸிடம் விட்டுக்கொடுத்தார். உலக சாதனையும் தோல்வியும் ஒரே போட்டியில், ஒரே ஆளுக்கு.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது. மற்றத் தாவல்கள் எல்லாம் பின்னோக்கிச் சறுக்கியபடி எழும்புபவை. 'அக்சல்' ஒன்று மட்டும் முன்னோக்கி எழும்பிப் பின்னோக்கி இறங்குவது. ஆகையால் நான்கு சுழற்சி அக்சல் என்றால் உண்மையில் நாலரைச் சுழற்சி. 2022 பெப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஹன்யூ அதனை முயன்று விழுந்தார். அதே வருடம் செப்டெம்பர் 14 அன்று, ஐக்கிய அமெரிக்காவின் லேக் பிளசிட் என்னும் சிற்றூரில் நடந்த சலேஞ்சர் போட்டியில், பதினேழு வயது இலியா மாலினின் அதை இறக்கிக் காட்டினார்.

ஏன் அங்கே? உலக சம்பியன் போட்டியில் ஒருவர் பெறும் இடத்தைப் பொறுத்தே அவருடைய நாடு அடுத்த வருடம் எத்தனை பேரை அனுப்பலாம் என்பது தீர்மானமாகும். அங்கே விழுந்தால் அடுத்தவனுடைய இடமும் சேர்ந்து விழும். சலேஞ்சரில் விழுந்தால் உடுப்பு நனையும், அவ்வளவு தான்.

செல்வநாயகபுரம் வாசகர்: ஹன்யூவா, மாலினினா, யார் பெரியவர்? இருவருடைய உச்சப் புள்ளிகளையும் ஒப்பிட்டுச் சொல்லவும்.

ஒப்பிட மாட்டேன். முதற் பந்தியில் எழுதிய எச்சரிக்கையைப் படியுங்கள். 2018–19 இல் மதிப்பீட்டு அளவே மாறிவிட்டது. அதற்கு முந்திய சாதனைகளை ஒன்றியமே தனிப் பட்டியலாகப் பிரித்து வைத்துவிட்டது.

பாலையூற்று மாணவி: சூர்யா பொனாலி என்று ஒரு வீராங்கனையின் பெயரைக் கண்டேன். அவர் தமிழரா?

இல்லை, பிள்ளை. அவர் பிரான்ஸின் நீஸ் நகரிற் பிறந்தவர். சூரியனைக் குறிக்கும் வடமொழிப் பெயரை வளர்ப்புப் பெற்றோர் வைத்தார்கள். 1998 நாகானோ ஒலிம்பிக்கில், தடைசெய்யப்பட்டிருந்த பின்குட்டிக்கரணத்தை அடித்து ஒற்றைக் காலில் இறங்கியவர். அந்தத் தடையை 2024 இல் நீக்கிவிட்டார்கள்.

மூதூர் வாசகர்: வருடம் முழுதும் வெயில் அடிக்கும் நாட்டவர் ஒருவர் இந்தத் தொடரில் இறங்கி முன்னேற முடியுமா?

முடிந்திருக்கிறது. பிலிப்பைன்ஸின் மைக்கல் கிறிஸ்டியன் மார்டினெஸ் மணிலாவில் கடைத்தொகுதியொன்றுக்குள் இருந்த ஐஸ் தளத்திற் பழகியவர். சலேஞ்சர் தொடர் தொடங்குவதற்கு முந்திய வருடம், 2013 நெபல்ஹோர்ன் கிண்ணத்தின் வழியாகத் தகுதிபெற்று 2014 சோச்சி ஒலிம்பிக்கிற்குச் சென்று 19ஆம் இடம் பெற்றார். மலேசியாவின் ஜூலியன் யீ 2017 இல் அதே நெபல்ஹோர்னில் தகுதிபெற்று 2018 ஒலிம்பிக்கில் ஆடினார். 2009, 2013, 2017, 2021 ஆகிய நான்கு தடவைகளும் ஒலிம்பிக்கின் கடைசி இடங்கள் அங்கேயே நிரப்பப்பட்டன. 2025 இல் அந்தப் பொறுப்பு பெய்ஜிங்கிற்குப் போயிற்று.

2017 நெபல்ஹோர்னில் வட கொரியாவின் ரியோம் தே-ஓக், கிம் ஜூ-சிக் இணை தகுதி பெற்றது. ஆனால் இடத்தை ஏற்பதாக உரிய நாளுக்குள் அறிவிக்காததால் அந்த இடம் ஜப்பானுக்குப் போய், பின்னர் வட கொரியாவுக்கெனத் தனியாக ஓர் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆடத் தெரிந்தால் மட்டும் போதாது, கடிதத்துக்கு நேரத்தோடு பதில் எழுதும் சம்மேளனமும் வேண்டும்.

இந்தியாவுக்காக, அமெரிக்காவிற் பிறந்த தாரா பிரசாத், ஐரோப்பா அல்லாத நாடுகளுக்கான நான்கு கண்டங்களின் சம்பியன் போட்டி வரை போயிருக்கிறார். வயதையும் பாருங்கள்: மூத்தோர் பிரிவின் குறைந்தபட்ச வயது பதினைந்தாக இருந்தது, 2022 இல் எடுத்த தீர்மானத்தின்படி படிப்படியாக உயர்ந்து 2024–25 முதல் பதினேழாகிவிட்டது.

மீன்வாடி நடத்தும் ஒருவர்: எங்களுக்கு ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குப் போடும் கட்டி தான். அந்த ஐஸுக்கும் நீங்கள் சொல்லும் ஐஸுக்கும் வித்தியாசம் உண்டா?

அண்ணா, என்னுடைய தொழிலைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டார்! உங்கள் வாடிக்கு வரும் ஐஸ் கட்டியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். ஓரங்கள் கண்ணாடி போலத் தெளிவாகவும் நடுவிலே வெண்மையான தண்டு போலவும் இருக்கும். தகரப் பெட்டியின் சுவரிலிருந்து உள்நோக்கி உறையும்போது, நீரிற் கரைந்திருந்த காற்றும் உப்பும் நடுவுக்குத் தள்ளப்பட்டு அங்கே அகப்பட்டுக்கொள்வதால் வருவது அது. ஐஸ் கட்டி உடையும்போது பெரும்பாலும் அந்தத் தண்டில் தான் பிளக்கும்.

அரங்கில் அப்படி ஒரேயடியாக நீரை ஊற்றி உறைய வைப்பதில்லை. 60 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட கொங்கிறீற் தரைக்குள் குளிர்ந்த உப்புநீர் ஓடும் குழாய்கள் இருக்கும். அதன் மேல் நீரை மெல்லிய படலமாகத் தெளித்து, உறைந்த பின் இன்னொரு படலம் தெளித்து, இடையில் வெள்ளைச் சாயமும் பூசி, மூன்று சென்ரிமீற்றர் அளவுக்கு உயர்த்துவோம். பிறகு இடைவேளை தோறும் வண்டியின் கத்தியால் மேற்பரப்பைச் சீவி எடுத்துவிட்டுச் சுடுநீர் விடுவோம். ஆம், சுடுநீர் தான். கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் மிகச் சூடான கிணற்றை விடவும் சூடானது. சூடான நீரிற் காற்று குறைவு. சீவிய ஐஸைச் சற்று உருக்கி அதனோடு ஒன்றிப் பிடிப்பதும் அதுவே.

ஹொக்கிக்கு ஐஸ் கடினமாக இருக்க வேண்டும். ஸ்கேட்டிங்கிற்கு அதைவிட ஓரிரு பாகை வெப்பம் கூடுதலாக, மைனஸ் மூன்று நான்கு அளவில் வைப்போம். சறுக்குக் காலணியின் அலகின் முனையிலுள்ள பற்கள் குத்தி எழும்பும்போது ஐஸ் சிதறாமற் பிடி கொடுக்க வேண்டும் அல்லவா? பயிற்சி முடிந்ததும் வாளியில் நொய்ந்த ஐஸை அள்ளிக்கொண்டு போய் மூலைகளில் உள்ள குழிகளைக் கையால் அடைப்போம். மூலைகளிலேயே குழி அதிகம், ஏனென்றால் 'லுட்ஸ்' தாவலுக்காக நெடுந்தூரம் பின்னோக்கி வந்து அங்கே தான் குத்துவார்கள். சில குழிகளுக்குள் என் பெருவிரல் முழுதாக இறங்கும்.

உவர்மலை பரத ஆசிரியை: சுழற்சியை எண்ணி எண்ணியே புள்ளி போட்டால் அது கலையா? எங்கள் மேடையில் யாரும் அடவை எண்ணிப் பரிசு கொடுப்பதில்லை.

ரீச்சர், எண்ணத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. 2002 சோல்ட் லேக் சிற்றி ஒலிம்பிக்கில் இணையர் பிரிவுத் தங்கம் ரஷ்ய இணைக்குப் போனபின், பிரெஞ்சு நடுவர் மீது அழுத்தம் இருந்தது என்ற சர்ச்சை வெடித்து, கனடிய இணைக்கும் இன்னொரு தங்கம் கொடுக்க நேர்ந்தது. பழைய ஆறு புள்ளி முறை அத்தோடு ஆட்டங்கண்டது. புதிய முறையை முதன்முதலிற் பரீட்சித்த இடம் 2003 நெபல்ஹோர்ன். கலையும் முற்றாகப் போய்விடவில்லை: அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் என மூன்று கூறுகளுக்கு நடுவர்கள் தனியே புள்ளி இடுகிறார்கள்.

பட்டினத்துக் கணித ஆசிரியர் இடையிட்டு: எண்ணுவது தான் நியாயம். ஆனால் உங்கள் கணக்கே இடிக்கிறது. நான்கு சுழற்சி அக்சலுக்கு அடிப்படைப் புள்ளி 12.50, விழுந்தால் என்ன கிடைக்கும்?

விழுந்தால், தாவலின் தரத்துக்கு நடுவர்கள் இடும் தரப்புள்ளி மைனஸ் ஐந்துக்கு இறங்கும். அதாவது அடிப்படையிற் பாதி வெட்டுப்படும். 6.25 மிஞ்சும். விழுந்ததற்கு ஒரு புள்ளி தனியே வெட்டினால் 5.25. சுத்தமாக இறக்கிய மூன்று சுழற்சி லுட்ஸின் அடிப்படையே 5.90. ஆகவே விழுபவருக்கு நட்டம் தான், மாஸ்டர். அதனாற்றான் முதல் முயற்சி மலிவான இடத்தில் நடக்கிறது என்கிறேன்.

பரத ஆசிரியை மீண்டும்: நீங்களும் மாஸ்டரும் கணக்கிலேயே நிற்கிறீர்கள். வெளிப்பாட்டுக்கு உச்சவரம்பு உண்டா, தாவலுக்கு உண்டா என்று நேராகச் சொல்லுங்கள்.

நேரான கேள்வி, என்னைச் சங்கடப்படுத்தும் கேள்வியும் கூட. ஆண்கள் நெடுநிகழ்ச்சியில் மூன்று கூறுகளும் தலா பத்து, 3.33 ஆற் பெருக்கினால் ஏறத்தாழ நூறோடு கதை முடிந்துவிடும். தாவல்களுக்கு அத்தகைய கூரை இல்லை. கடினத்தைக் கூட்டக் கூட்டப் புள்ளி ஏறும். ஆகவே தராசு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்ற உங்கள் குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தாவலைக் கலைக்கு வெளியே நிறுத்துவதை ஏற்க மாட்டேன். லுட்ஸ் வெளிவிளிம்பில் சாய்ந்து எழும்ப வேண்டியது. கடைசிக் கணத்தில் உள்விளிம்புக்கு மாறிவிட்டால், எத்தனை சுற்று சுற்றினாலும் தொழில்நுட்பக் குழு குறியிட்டு அடிப்படையையே குறைத்துவிடும். அரைமண்டியில் இராமல் அடவு செய்யும் மாணவியை நீங்கள் என்ன செய்வீர்கள்? கையும் கண்ணும் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிறுத்தித் திரும்பச் செய்விப்பீர்கள் அல்லவா?

(இதற்குப் பின் இருவருமாக எழுதியனுப்பிய ஒன்பது கேள்விகளை ஒதுக்கிவைத்துள்ளேன். அவர்கள் இருவரும் ஒரே தெருவில் வசிப்பவர்கள். நேரிற் பேசித் தீர்க்கலாம்.)

சாம்பல்தீவு வாசகர்: சலேஞ்சர் என்பது இரண்டாந்தரப் போட்டி தானே?

முதற் கேள்விக்கான பதிலைப் பார்க்கவும்.

தம்பலகாமம் வாசகர்: மலைச்சரிவில் இரண்டு கோல்களை ஊன்றிச் சறுக்குவார்களே, அதற்கும் இத்தொடரிற் புள்ளி உண்டா?

அது ஸ்கீ. வேறு விளையாட்டு, வேறு சம்மேளனம். தமிழில் இரண்டையும் 'பனிச்சறுக்கு' என்று எழுதிவிடுவதால் வரும் வினை.

நகர வாசகர்: லேக் பிளசிட்டில் மாலினின் பெற்ற புள்ளியையும் மொன்றியலில் ஹன்யூ பெற்ற புள்ளியையும்...

இல்லை.

உப்புவெளி மாணவன்: மாமா, புதிதாகப் பார்ப்பவர் எதைக் கவனித்துத் தொடங்கலாம்?

நெபல்ஹோர்னில் தொடங்கு. வர்ணனையின் ஒலியை நிறுத்திவிட்டு, யாராவது நெடுந்தூரம் பின்னோக்கி மூலையை நோக்கி வரும்போது காலை மட்டும் பார். கணுக்கால் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா, குத்துவதற்கு முந்திய கணத்தில் உட்பக்கம் விழுகிறதா என்று ஒரு தாளிற் குறித்துக்கொள். பிறகு போட்டியின் விரிவான புள்ளித்தாளை எடுத்து, லுட்ஸுக்குப் பக்கத்தில் விளிம்புப் பிழைக்கான குறி இருக்கிறதா என்று உன்னுடைய தாளோடு ஒத்துப்பார். முதல் நாளில் எனக்குப் பத்தில் மூன்று தான் சரியாக வந்தது.