ஊரடங்குக் காலத்தில் மேடையில்லாத நாடகக்காரர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

கேள்வியின் இரண்டாம் பாதி, "அந்தக் காலம் உங்கள் பார்வையை ஏதாவது மாற்றியதா?" என்பது. முதல் பாதியைச் சுருக்கமாக முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் முல்லைத்தீவுப் பக்கம். கூத்து ஆடுவேன், பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாடகமும் பழக்குவேன். இரண்டும் எனக்குச் சோறு போட்டதில்லை. சோறு போடுவது பெயின்ற் வேலையும் கொஞ்ச வயலும்தான். 2020 மார்ச் 20 மாலை நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது காலபோக (மாரிகால நெல்) வெட்டு முடிந்து நெல் வீட்டில் இருந்தது, அதனால் பட்டினி இல்லை. கையில் காசும் இல்லை. உண்மையில் அடி வாங்கியவர்கள் சவுண்ட் சேர்விஸ்காரர், பந்தல்காரர், உடுப்பு வாடகைக்குக் கொடுப்பவர்கள். பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும்தான் எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழாவும் பொங்கலும் கூத்தும். ஊரடங்கு சரியாக அந்த மாதங்களின் தலையில் வந்து குந்தியது.

அந்த வருடம் காத்தவராயன் கூத்துக்குப் பழக்கம் நடந்துகொண்டிருந்தது. தெரியாதவர்களுக்கு: இது அம்மன் கோயில்களில் நேர்த்திக்கு, சிந்துப் பாட்டு நடையில் ஆடுவது. ஆதிகாத்தான், நடுக்காத்தான், பின்காத்தான் என்று ஒரே பாத்திரத்துக்குப் பல பேர் வருவார்கள். இரவு தொடங்கினால் காத்தான் கழுமரம் ஏறும்போது கிழக்கு வெளுத்துவிடும். அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) வரக்கூடாது, வந்தால் மாற வேண்டும் என்று நேர்ந்து ஆடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குப் போன் எடுத்து, கூத்து இல்லையாம் என்று சொன்னேன். "வருத்தம் வரக்கூடாதெண்டு ஆடுற கூத்தை வருத்தமே வந்து மறிச்சுப்போட்டுது, பாத்தியோ தம்பி" என்று சிரித்தார். நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

அப்புறம் அறிவுரைகள் வரத் தொடங்கின. கொள்ளைநோயால் 1592 முதல் 1594 வரை பெரும்பாலும் லண்டன் நாடகக் கொட்டகைகள் பூட்டிக் கிடந்தன, ஷேக்ஸ்பியர் அந்த நேரம் உட்கார்ந்து கவிதை எழுதினார், நீங்களும் எழுதுங்கள் என்று வட்ஸ்அப்பில் ஒரே தத்துவம். கொட்டகை பூட்டினது உண்மைதான். ஆனால் வீட்டில் அரிசி, பால்மா, போன் காட் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு அந்த மனிதரின் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

இன்னொன்று எங்கள் ஊர்க்காரர் சொன்னது: "பங்கருக்குள்ள கிடந்த சனத்துக்கு இதெல்லாம் ஒரு ஊரடங்கோ?" நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் பேசித் திரிந்தேன், பெருமையாகக்கூட இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த ஒப்பீடு நாடகக்காரனுக்குப் பொருந்தாது. போரில் இடம்பெயர்ந்து ஓடின காலத்தில் வீடு போனது, உடுப்புப் பெட்டி போனது, மத்தளம் போனது, கூத்துக் கொப்பிகள் எந்தக் காட்டில் நனைந்து போயினவோ தெரியாது. ஆனால் ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள். 2009இல் செட்டிகுளம் அகதி முகாமில் தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நிற்கும்போது யாராவது ஒருவர் காத்தான் பாட்டு ஒன்றைச் சும்மா முணுமுணுப்பார். நாலு ஆள் தள்ளி முன்பின் தெரியாத ஒருவர் பிற்பாட்டு எடுப்பார். கொரோனா எங்களிடம் வேறெதையும் பறிக்கவில்லை, அந்த நாலு ஆள் தூரத்தைத்தான் பறித்தது. எங்கள் தொழிலுக்கு அதுதான் முதல். அந்த விளக்கம் வந்த பிறகு மனம் கொஞ்சம் ஆறுதல்பட்டது. ஏன் இவ்வளவு அந்தரமாக இருக்கிறது என்றாவது தெரிந்ததே.

சூமில் பழகிப் பார்த்தோம். வேலைக்காகவில்லை. நடிகர் ஒரு வரி பாட, பிற்பாட்டுக்காரர் உடனே வாங்க வேண்டும்; அந்த இடத்தில் சத்தம் ஒரு நொடி பிந்தினாலே தாளம் செத்துவிடும். ஆர்மோனியக்காரர் யாழ்ப்பாணத்தில். எங்கள் மாவட்டத்தில் இடைக்கிடை பகலில் ஊரடங்கைத் தளர்த்தினார்கள், அவருக்கு அதுவும் இல்லை. மாவட்டம் தாண்டி வரவும் முடியாது.

உருப்படியாக நடந்தது இரண்டு.

ஒன்று, கொப்பி. அண்ணாவியாருக்கு முழுக் கூத்தும் மனப்பாடம், ஆனால் தாளில் இல்லை. இரவில் போன் எடுத்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "சொல்ல" என்று எழுதிவிட்டேன், அவருக்குச் சொல்ல வராது. பாடினால்தான் வரி வரும். கதிரையின் கைப்பிடியில் தாளம் தட்டினால்தான் பாட்டு வரும். நடுவில் மறித்து "அந்தச் சொல் என்ன, ஐயா?" என்று கேட்டால் அவ்வளவுதான், திரும்ப விருத்தத்திலிருந்து தொடங்குவார். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு, மனைவியின் போனில் பதிந்து, பிறகு கேட்டு எழுதினேன். ஒரே பாட்டை மூன்று இரவில் மூன்று விதமாகப் பாடியிருக்கிறார். எது சரி என்று கேட்டால் மூன்றும் சரியாம். ஆடுகிறவனின் மூச்சைப் பார்த்துத்தான் கூட்டுவதும் குறைப்பதும். இத்தனை வருடம் ஆடியும் எனக்குத் தெரியாத விஷயம் அது.

மற்றது, வளவுக்குள் பிள்ளைகளோடு. என் மகள், தங்கச்சியின் இரண்டு பெடியள். வற்றாப்பளை அம்மன் கதையைச் செய்வோம் என்றார்கள். நந்திக்கடல் கரையில் மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் ஒரு கிழவி வருகிறாள். எண்ணெய் இல்லையென்றால் கடல் நீரில் விளக்கெரியுங்கள் என்கிறாள், எரிகிறது. தலை கடிக்கிறது, பாருங்கள் என்கிறாள். பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு உப்பு நீரில்தான் விளக்கு.

ஆயிரம் கண்ணை எப்படிக் காட்டுவது? நான் கடதாசி, கலர் லைற் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கிழவியாக வந்த மகள் சபைக்கு முதுகைக் காட்டிக் குந்திவிட்டாள். சின்னப் பெடியன் அவள் மயிரை விலக்கினான், விலக்கின கை அப்படியே நின்றது, வாயைத் திறந்து மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தான். அவ்வளவுதான். சபை என்று இருந்தது விறாந்தையில் என் மாமியார் மட்டும். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பாடசாலை மேடைகளில் நான் செலவழித்த கடதாசி மட்டையெல்லாம் ஒருமுறை கண்ணுக்குள் வந்து போனது.

2021 வேறு மாதிரி. அந்த மே மாதம் முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை பொலிஸ் பிரிவுகளைத் தனிமைப்படுத்தினார்கள். செத்தவீடுகள் கூடத் தொடங்கியிருந்தன, போக முடியவில்லை. அப்போது கொப்பியும் இல்லை, பிள்ளைகளோடு நாடகமும் இல்லை. சும்மா இருந்தேன். அதையும் சமாளிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன்; எல்லா நாளும் கலைஞனாக இருக்கத் தேவையில்லை.

இப்போது கூத்து திரும்ப நடக்கிறது. கொப்பியைப் பெருமையாக அச்சடித்து அண்ணாவியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஒரு பக்கம் வாசித்தார். "இதை ஆர் எழுதினது? பிழையாக் கிடக்கு" என்றார். பாடிக் காட்டினார், அது நாலாவது விதம். மனைவியின் போனை வாங்கிக்கொண்டு வரும் ஞாயிறு திரும்பவும் போகிறேன்.