கிளப்பின் ஜாம்பவான் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் விளையாட்டு ஜெர்சிகளுக்குப் பெயரும் எண்ணும் அச்சிடும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். அவினாசி, பல்லடம், காங்கயம் பக்கத்து அணிகளெல்லாம் எங்களிடம்தான் கொடுக்கின்றன. அவர்களில் பலர் முதுகில் தம் பெயரைப் போடாமல், எப்போதோ ஓய்வுபெற்றுவிட்ட வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் பெயரைப் போடச் சொல்கிறார்கள். அந்த ஆட்டக்காரர்கள் ஆடிய காலத்தில் இந்தப் பையன்கள் பிறந்துகூட இருக்கமாட்டார்கள்.

2019 மார்ச்சில் கோவை நேரு மைதானத்தில் சென்னை சிட்டி கால்பந்து அணி, தேசிய அளவிலான ஐ-லீக் கோப்பையை வென்றபோது நான் கேலரியில் இருந்தேன். அந்த சீசனில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்ஸியின் பெயரை இதுவரை ஒருவர்கூட என்னிடம் போடச் சொன்னதில்லை. ஓர் ஆட்டக்காரர் ஓய்வுபெற்ற பிறகும் ஒரு கிளப்பின் ஜாம்பவானாக நிலைப்பதற்கு எது காரணம்? கோல் கணக்கா, கோப்பைகளா, அல்லது ஒரே அணியில் கழித்த ஆண்டுகளா? நம் ஊரில் ஆடி, நம் கண்ணெதிரே கோப்பை வென்று தந்தவருக்கு அந்த இடம் ஏன் கிடைக்கவில்லை? நண்பர்கள் சேர்ந்து மான்ஸி பெயரில் ஒரு சுழற்கோப்பைப் போட்டி நடத்தலாமா என்று யோசிக்கிறோம். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தங்கள் வாசகன்,
திருப்பூர்

*

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் முன்வைக்கும் மூன்று அளவுகோல்களில் எதுவும் தனியாக நின்று இந்தக் கேள்விக்கு விடை தராது என்பதே என் எண்ணம். சிறந்த ஆட்டக்காரர் யார் என்று முடிவு செய்ய அவை உதவும். ஒரு கிளப்பின் ரசிகர்கள் யாரைத் தம்மவராக வைத்துக்கொள்கிறார்கள் என்பது வேறு விசாரணை.

முதலில் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். பாவ்லோ மால்தீனி இத்தாலியின் ஏசி மிலான் அணிக்காக 25 சீசன்களில் 902 ஆட்டங்கள் ஆடினார்; ஐரோப்பியக் கிளப்புகளுக்கான கோப்பையை 5 முறை வென்றார்; வேறு எந்தக் கிளப்பின் சட்டையையும் அணிந்ததில்லை. அவருடைய தந்தை சேசரே மால்தீனியும் அதே அணியின் கேப்டனாக இருந்தவர். இவ்வளவு இருந்தும், 2009 மே 24 அன்று சான் சீரோ மைதானத்தில் அவர் தன் கடைசி உள்ளூர் ஆட்டத்தை ஆடி முடித்து விடைபெறச் சுற்றி வந்தபோது, அவரோடு நெடுநாள் பிணக்கு கொண்டிருந்த தீவிர ரசிகர்களில் ஒரு பிரிவினர் சீழ்க்கையடித்து அவரை இகழ்ந்தார்கள். அவருக்கு முன் கேப்டனாக இருந்த பிராங்கோ பரேசியே தங்கள் ஒரே கேப்டன் என்று பதாகை பிடித்தார்கள். மிலானின் வரலாற்றில் மால்தீனியின் இடத்தை அந்தச் சீழ்க்கை குறைத்துவிடவில்லை. ஆனால் 902 ஆட்டங்கள் ஆடியவருக்குக்கூட அந்த இடம் கேட்காமல் கிடைப்பதில்லை என்பதை அந்த மாலை காட்டியது.

இதற்கு நேர் எதிராக, மூன்றே மூன்று ஆட்டங்கள் ஆடிய ஒருவரைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள சிறிய நகரம் கார்லைல். அதன் அணி 1999 மே 8 அன்று, சீசனின் கடைசி ஆட்டத்தில் பிளிமத் அணியை எதிர்கொண்டது. வென்றாலொழியத் தொழில்முறை லீக்கிலிருந்தே வெளியேற வேண்டிய நிலை. தொண்ணூறு நிமிடங்கள் முடிந்தும் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கார்லைலுக்கு ஒரு கார்னர், அதாவது எதிரணியின் மூலையிலிருந்து பந்தை உதைக்கும் வாய்ப்பு, கிடைத்தது. ஸ்விண்டன் அணியிலிருந்து இரவலாக வந்திருந்த கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் தன் கம்பத்தை விட்டுவிட்டு எதிரணியின் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்கு ஓடினார். தலையால் முட்டப்பட்ட பந்தை எதிரணிக் கோல்கீப்பர் தடுக்க, அது திரும்பி வந்து கிளாஸின் காலடியில் விழுந்தது. அவர் அதை வலைக்குள் உதைத்தார். கார்லைல் பிழைத்தது, ஸ்கார்பரோ என்ற வேறோர் அணி கீழே போனது. கிளாஸ் அந்த அணிக்கு ஆடியது அந்த மூன்று ஆட்டங்கள்தான். கார்லைல் ரசிகர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் முகம் மாறும்.

கோப்பைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் அணியில் மட்டுமே தன் வாழ்வின் சிறந்த காலத்தைக் கழித்த மாட் லெ டிஸியே அங்கே எந்தப் பெரிய கோப்பையையும் வென்றதில்லை. பெரிய கிளப்புகளுக்குப் போயிருந்தால் வென்றிருப்பார். சவுதாம்ப்டனின் பழைய மைதானமான தி டெல்லில் 2001 மே மாதம் நடந்த கடைசி லீக் ஆட்டத்தில், மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஆட்டம் முடியும் தறுவாயில் ஆர்சனலுக்கு எதிரான வெற்றி கோலை அடித்தார். அந்த ஊர்க்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்படியானால் எது? என் பார்வையை நேராகவே சொல்கிறேன். ரசிகனுக்கும் ஆட்டக்காரனுக்கும் இடையே அடிப்படையில் ஒரு சமமின்மை இருக்கிறது. அணி தோற்றாலும், கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டாலும், கடனில் மூழ்கினாலும் ரசிகன் எங்கும் போக முடியாது. அவன் பிறந்த ஊரோ, அவன் தந்தை கைபிடித்து அழைத்துப் போன கேலரியோ அவனை அங்கேயே கட்டி வைத்திருக்கிறது. ஆட்டக்காரன் போகலாம். நல்ல ஆட்டக்காரனாக இருந்தால் மறுநாளே போகலாம். அப்படிப் போகக்கூடிய ஒருவன், போவதே தனக்கு லாபம் என்ற நேரத்தில், ரசிகனுடைய கட்டுண்ட நிலையைத் தன் நிலையாக ஏற்றுக்கொள்ளும்போது அவன் அவர்களில் ஒருவனாகிறான். ஜிம்மி கிளாஸ் சில வாரங்களுக்கு வந்த இரவல் ஆள். கார்லைல் லீக்கில் நீடித்தாலும் வெளியேறினாலும் அவர் திரும்பிப் போகப்போகிறவர்தான். அப்படிப்பட்டவர் அந்தக் கடைசி நிமிடத்தில் தன் கம்பத்தை விட்டு ஓடியது, அந்த நகரத்தில் பிறந்த ஒருவன் ஓடியிருக்கக்கூடிய ஓட்டம். ஆண்டுகளும் கோல்களும் இத்தகைய நேரங்கள் வாய்ப்பதற்கான வாய்ப்பைப் பெருக்குகின்றன. அந்த அளவில்தான் அவற்றுக்கு மதிப்பு.

இதை மிகத் தெளிவாகக் காட்டுபவர் கப்ரியேல் பாட்டிஸ்டூட்டா. அர்ஜென்டினாவிலிருந்து 1991இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகர அணியான பியோரென்டினாவுக்கு வந்தார். 1993இல் அந்த அணி இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. ஐரோப்பாவின் எந்தப் பெரிய அணியும் வாங்கத் தயாராக இருந்த அந்தக் கோல்வீரர், இரண்டாம் பிரிவில் ஆடி அணியை மீண்டும் மேலே கொண்டுவந்தார். பிறகும் ஆறு ஆண்டுகள் இருந்தார். லீக் பட்டம் வேண்டும் என்ற ஆசையில் 2000இல் ரோமாவுக்குப் போனார். அடுத்த ஆண்டே அது கிடைத்தது. ஆனால் அதற்கு முன், 2000 நவம்பரில், பியோரென்டினாவுக்கு எதிராக ரோமாவின் ஒரே கோலை அடித்தவர், கொண்டாடாமல் கண்ணீர் விட்டார். பிளாரன்ஸ் நகர மக்கள் அவர் போனதை மன்னித்தார்கள் என்பதைவிட, அவர் போனதாகவே எண்ணவில்லை என்பதுதான் பொருந்தும். அதே 2000ஆம் ஆண்டில் பார்சிலோனாவிலிருந்து நேராக அதன் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போன லூயிஸ் ஃபிகோவை நினைத்துப் பாருங்கள். பார்சிலோனாவில் ஐந்து சீசன்கள் அற்புதமாக ஆடியவர், இரண்டு முறை லீக் வென்றவர். அவர் எதிரணிச் சட்டையில் திரும்பி வந்தபோது அந்த மைதானம் பன்றித் தலையை வீசியது. அந்தச் செயலை நான் சிறிதும் ஆதரிக்கவில்லை. ஆனால் அவர் அடித்த கோல்கள் புள்ளிவிவர ஏட்டில் அப்படியே இருக்க, மக்கள் மனத்திலிருந்து ஒரே வாரத்தில் அழிந்துபோயின என்பது உண்மை.

ஆட்டக்காரர் ஓய்வுபெற்ற பிறகு இன்னொன்றும் தேவைப்படுகிறது, அது அவர் கையில் இல்லை. அவரைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்ல வேண்டும். இதற்கு நாம் ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை, கொல்கத்தா போதும். அலிகாரில் படிக்க வந்த ஈரான் நாட்டு இளைஞர் மஜீத் பிஷ்கர், 1980இல் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். இரண்டே சீசன்கள் ஆடினார். பிறகு முகமதன் ஸ்போர்ட்டிங்கில் ஆடிவிட்டு நாடு திரும்பினார். பல ஆண்டுகள் அவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. ஈஸ்ட் பெங்காலின் நூற்றாண்டு விழாவுக்காக 2019 ஆகஸ்டில் அவர் கொல்கத்தா விமான நிலையத்தில் இறங்கியபோது, அகால வேளையிலும் அணியின் சிவப்பு, மஞ்சள் நிறக் கொடிகளோடு பெருங்கூட்டம் காத்திருந்தது. அதில் பெரும்பாலோர் அவர் ஆடியதைப் பார்த்திருக்க முடியாத வயதினர். கிழக்கு வங்கத்திலிருந்து வேர் பிடுங்கப்பட்டு வந்த குடும்பங்கள் தங்கள் அடையாளமாக வளர்த்த கிளப் அது. அதன் வெற்றி நாளில் வீட்டில் ஹில்சா மீன் சமைக்க வேண்டும் என்ற வழக்கம் வரை அந்தப் பற்று போகிறது. அந்த மீன் குழம்பு பரிமாறப்படும்போதெல்லாம் தாத்தாக்கள் மஜீதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எதிர்த்தரப்பான மோகன் பகானும் இதில் குறைந்ததல்ல. ஆங்கிலேய ராணுவத்தின் கிழக்கு யார்க்ஷயர் படையணியை வென்று ஐஎஃப்ஏ கேடயம் என்ற கால்பந்துப் பரிசைக் கைப்பற்றிய 1911 ஜூலை 29ஐ அந்தக் கிளப் இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. அந்த நாளில் தன் பழைய ஆட்டக்காரர்களுக்கு மோகன் பகான் ரத்னா விருது தருகிறது. தன் கிளப் வாழ்க்கை முழுவதையும் அங்கேயே கழித்த சுனி கோஸ்வாமியின் பெயர் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிவதற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ஸ்பெயினிலிருந்து வந்த மான்ஸி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், நம் தமிழ்நாட்டு எட்வின் சிட்னி வான்ஸ்பால் ஆகியோர், சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸின் கீழ் ஆடிய அந்த சீசனைப் போன்ற ஒன்றைக் கொங்குநாட்டு மண் அதற்கு முன் கண்டதில்லை. மான்ஸியின் மீது குறை சொல்ல எதுவுமில்லை. 2020இன் தொடக்கத்தில் ஜப்பான் அணி ஒன்றுக்குப் போனார். அது அவருடைய தொழில். ஆனால் அந்த அணி தாங்கியிருந்தது சென்னையின் பெயரை, ஆடியது கோவையில். கேலரிக்கு வந்த நம் மக்கள் ஆட்டத்தை ரசித்தார்கள். அணியின் தோல்வியை வீட்டுக்குச் சுமந்து போகும் அளவுக்கு அது இன்னும் அவர்களுடையதாக ஆகியிருக்கவில்லை. அதற்கு ஆண்டுகள் பிடிக்கும், அந்த ஆண்டுகள் கிடைக்கவில்லை. 2020–21 சீசனுக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை. குலதெய்வக் கோயில் நின்றால்தான் எங்கெங்கோ பிழைக்கப் போன பங்காளிகள் ஆண்டுக்கொருமுறை கூடி மூத்தவர்களின் பெயரைச் சொல்வார்கள். கிளப்புக்கும் பழைய ஆட்டக்காரனுக்கும் உள்ள உறவு அத்தகையது. கூடுவதற்கு இடமில்லாதபோது 21 கோல்களையும் யார் யாரிடம் சொல்வது? உங்கள் பட்டறைக்கு வரும் பையன்கள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கேட்ட கதைகளின் நாயகர்களைத்தான் முதுகில் சுமக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கோவையின் கதையை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஆகவே போட்டியைக் கட்டாயம் நடத்துங்கள். ஆனால் பெயரைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. 2019 மார்ச் 9 அன்று நீங்கள் பார்த்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஈஸ்ட் பெங்கால் ஒரு புள்ளி மட்டுமே பின்தங்கியிருந்தது. கோழிக்கோட்டில் அவர்கள் ஆட்டமும் அதே நேரத்தில் நடந்தது. கோவையில் எதிரணியான மினர்வா பஞ்சாப் முதலில் கோல் அடித்துவிட்டது. இரண்டாம் பாதியில் மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். அன்று ஈஸ்ட் பெங்கால் வென்றது. எனவே நம் மைதானத்தில் ஆட்டம் அப்படியே முடிந்திருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். அந்த நிலையில் இரண்டாவது கோலையும், கூடுதல் நேரத்தில் மூன்றாவது கோலையும் அடித்தவர், கோல் அடிப்பதைத் தன் வேலையாகக் கொள்ளாத இளம் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. நேரு மைதானத்துக்கு ஒரு ஜாம்பவான் உண்டென்றால் அது அவராகத்தான் இருக்க முடியும். என் வாக்கு அவருக்கே. இறுதி ஆட்டத்தை மார்ச் 9ஆம் தேதியில் வைத்துக்கொள்ளுங்கள். பந்து உருளும் முன், அன்று கேலரியில் இருந்த நீங்களே ஒலிபெருக்கியைப் பிடித்து அந்த இரண்டு கோல்களும் எப்படி விழுந்தன என்று பையன்களுக்குச் சொல்லுங்கள். பரிசுக்கு என் பங்காக ஒரு தொகை அனுப்புகிறேன். கணக்கு விவரத்தை எழுதுங்கள்.

அன்புடன்