"மஸ்ட்" போட்டால் மேலாளருக்கு ஏன் சுருக்கென்கிறது?

வணக்கம். மேலாளருக்கு "யூ மஸ்ட் சென்ட் த ஃபைல் டுடே" என்று மெயில் போட்டீர்கள், அவர் முகம் சுளித்தார், இலக்கணத்தில் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். இலக்கணத்தில் தப்பே இல்லை, தொனிதான் சிக்கல். தமிழில் "இன்று அனுப்ப வேண்டும்" என்பதைக் கோரிக்கையாகவும் சொல்லலாம், கட்டளையாகவும் சொல்லலாம். எதிரில் இருப்பவரிடம் "யூ மஸ்ட்" என்றால் பெரும்பாலும் அதிகாரம் பண்ணுவது போலத்தான் கேட்கும். "குட் (could) யூ சென்ட் த ஃபைல் டுடே?", அதாவது "இன்று அனுப்ப முடியுமா?", போதும். அவசரம் என்றால் "வீ ஹேவ் டு சப்மிட் இட் பை ஃபைவ்" என்று சேர்த்துவிடுங்கள். "ஹேவ் டு" வந்தால் கட்டாயம் விதியிலிருந்தோ கெடுவிலிருந்தோ வருகிறது என்று படும். நீங்கள் விரட்டுவதாகத் தோன்றாது.

அடுத்த கேள்வி, "ஐ வாஸ் சப்போஸ்ட் டு கால் ஹிம்" என்றால் என்ன பொருள் என்பது. கூப்பிட வேண்டியிருந்தது, கூப்பிடவில்லை என்றுதான் பெரும்பாலும் புரியும். கூப்பிட்டே முடித்திருந்தால் "ஐ ஹேட் டு கால் ஹிம்" சரி. எழுதும்போது "சப்போஸ்ட்" கடைசியில் வரும் டி (d) எழுத்தை விட்டுவிடாதீர்கள். பேச்சில் அது அடுத்த "டு"வோடு கரைந்துவிடுவதால் ஆங்கிலேயர்களே கோட்டை விடும் இடம் அது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. "யூ மஸ்ட் நாட் கம்" என்றால் வரவே கூடாது. "யூ டோன்ட் ஹேவ் டு கம்" என்றால் வரத் தேவையில்லை, விருப்பமிருந்தால் வரலாம். லீவில் இருக்கும் சக ஊழியருக்கு மாற்றி அனுப்பிவிட்டால் வம்புதான்.