அமெரிக்கக் கறுப்பினப் பாடகி லியோன்டைன் பிரைஸ், ஓபரா என்ற மேற்கத்திய இசை நாடகத்தின் உச்சிக்கு எப்படி வந்தார்?

குரல் மட்டும் போதவில்லை, சரியான வேடத்துக்காகக் காத்திருந்ததும் காரணம் என்பேன்.

பிரைஸ் 1927-இல் மிசிசிப்பியின் லாரல் ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு மர அறுவை ஆலையில் வேலை. அம்மா பிரசவம் பார்ப்பவர், தேவாலயத்தில் பாடுபவர். ஒன்பது வயதில் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகியை நேரில் கேட்டதுதான் திருப்பம். அப்புறம் ஜூலியார்ட் இசைப்பள்ளி. 1955-இல் என்பிசி தொலைக்காட்சியில் 'டோஸ்கா' ஓபராவைப் பாடியபோது, இனப்பாகுபாடு நிலவிய அமெரிக்கத் தென் மாநிலங்களின் நிலையங்கள் சில அதை ஒளிபரப்பவே மறுத்தன.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா நிறுவனம் (சுருக்கமாக மெட்) முதலில் அவரை 'ஐடா' ஓபராவின் நாயகியாகப் பாட அழைத்தது. ஐடா ஓர் எத்தியோப்பிய அடிமைப்பெண். மெட்டில் தன் முதல் வேடம் அடிமையாக இருக்கக் கூடாது என்று பிரைஸ் மறுத்துவிட்டார். இந்தத் துணிச்சலைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதே ஐடாவை வியன்னாவிலும் மிலானிலும் பாடிப் பெயர் வாங்கினார். 1961 ஜனவரி 27 அன்று மெட் மேடையில் அவர் முதன்முதலாக ஏறியது 'இல் ட்ரொவடோரே' ஓபராவின் லியோனோராவாக, ஒரு ஸ்பானிய உயர்குலப் பெண்ணாக. திரை விழுந்தபின் கைதட்டல் சுமார் 40 நிமிடம் ஓயவில்லை.

1966-இல் மெட்டின் புதிய அரங்கைத் திறந்துவைத்த ஓபராவில் கிளியோபாட்ராவும் அவர்தான்.