கோல் போடாத மகள்

கேள்வி: ஜப்பானில் ஐ.டி. வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஒரே மகள், வயது 14. சாகி குமகாய் என்ற வீராங்கனையின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, அவரைப் போலவே வெளியூர் போய் விடுதியில் தங்கி, கால்பந்துக்குப் பெயர்போன பள்ளியில் படிக்கப்போகிறேன் என்கிறாள். கோல் அடிக்கிற பிள்ளை என்றாலாவது யோசிக்கலாம். இவள் டிஃபெண்டர், பின்னால் நிற்கிறவள். இரண்டு மேட்ச் போய்ப் பார்த்தேன், அப்புறம் போவதை நிறுத்திவிட்டேன். மனைவியும் அவள் பக்கம். மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வேண்டாம், டோக்கியோ.

பதில்: 'மகளுக்கு எப்படிப் புரியவைப்பது' என்று முடிகிற கடிதங்கள் என் மேஜையில் கட்டுக்கட்டாக இருக்கின்றன, தம்பி. உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் வேறு. இரண்டு மேட்சோடு நிறுத்திவிட்டீர்களாமே, ஏன்? உங்கள் பெண் கோல் போடவில்லை என்றா? கோல் விழாமல் பார்த்துக்கொள்வதுதானே அவள் வேலை!

சுவரில் இருக்கிறவர் யார் என்றாவது கேட்டீர்களா? அவரும் டிஃபெண்டர்தான். 2011 ஜூலை 17, பிராங்க்ஃபர்ட்டில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ஜப்பானுக்கு எதிரில் அமெரிக்கா. கூடுதல் நேரமும் முடியப்போகிறது, ஸ்கோர் 2-2. அலெக்ஸ் மோர்கன் கோலை நோக்கிப் பாய்கிறார். அசுசா இவாஷிமிஸு என்ற இன்னொரு டிஃபெண்டர் குறுக்கே விழுந்து தடுத்தார். ரெட் கார்டு. தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். அந்த ஃபௌல் மட்டும் இல்லையென்றால், சமநிலையில் முடிந்த ஆட்டத்தை மாறி மாறி கோலுக்கு உதைத்துத் தீர்மானிக்கிற பெனால்டி ஷூட்டவுட்டே நடந்திருக்காது என்றுதான் நான் சொல்வேன். ஷூட்டவுட்டில் ஜப்பானின் நான்காவது உதையை அடித்து 3-1 என்று முடித்தவர் குமகாய். அப்போது அவருக்கு வயது 20. அப்புறம் பிரான்ஸின் லியோன் கிளப்புக்காக 2016 முதல் 2020 வரை வரிசையாக ஐந்து சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டி) கோப்பைகள். அதில் முதல் கோப்பையின் இறுதி ஆட்டமும் பெனால்டிக்குப் போனது. கடைசி உதை யாருடையது? அதுவும் இந்தப் 'பின்னால் நிற்கிறவள்' உடையதுதான்.

உங்கள் வீட்டிலும் பின்னால் நிற்கிற ஓர் ஆள் உண்டு. நாள் தவறாமல் மகளின் பென்டோவை (சாப்பாட்டு டப்பாவை) கட்டி, சேறு பிடித்த ஜெர்சியைத் துவைக்கிறவர் யார்? அவரைக் கடிதத்தில் 'அவள் பக்கம்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். முன்னால் ஓடுகிறவர்களை மட்டும் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இனி விடுதி விஷயம். குமகாய் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், சப்போரோவில் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளிக்கே கடல் தாண்டி, ஜப்பானின் பெரிய தீவில் இருக்கிற செண்டாய்க்குப் போனார். அதற்காக உங்கள் பெண்ணும் போகட்டும் என்று நான் சொல்லமாட்டேன். பதினைந்து வயதுப் பிள்ளை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பா அம்மாவோடு உட்கார வேண்டும் என்று நினைக்கிற பழைய மனுஷி நான். இதையும் அவளிடம் சொல்லுங்கள்: பெண்களுக்கான தொழில்முறை லீக் ஜப்பானில் 2021-இல்தான் வந்தது. அதற்கு முன்பு பெரும்பாலானவர்கள் பகலில் வேலை, மாலையில் பயிற்சி என்றுதான் ஓட்டினார்கள். 2011 அணியின் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்க டிஃபெண்டர், அயா சமேஷிமா புகுஷிமா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவர். அதனால் படிப்பை விடக்கூடாது. அதில் நான் உங்கள் கட்சி.

ஆனால் 'வேண்டாம்' என்று சொல்ல, அவள் ஆட்டத்தைப் பார்த்த அப்பாவுக்குத்தான் உரிமை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், ஆட்டம் முழுக்க அவளையே பாருங்கள். எப்போது முன்னே ஏறுகிறாள், எப்போது கத்திப் பக்கத்துப் பெண்ணை நகர்த்துகிறாள் என்று கவனியுங்கள். புரியாததை வீட்டுக்கு வரும் ரயிலில் அவளிடமே கேளுங்கள். இப்படி ஐந்து மேட்ச் பார்த்த பிறகு எழுதுங்கள், பள்ளியைப் பற்றிப் பேசலாம்.